இடையில் தொங்கிய கடிகாரம்



காந்தியடிகளின் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் ஒரு பொருளை எளிதில் கவனிப்பதில்லை. கைத்தடி தெரியும், மூக்குக் கண்ணாடி தெரியும், இராட்டை தெரியும். இடையில் கட்டிய நாலு முழத் துண்டின் ஓரத்தில் கயிற்றிலே தொங்கும் கடிகாரம் மட்டும் பார்வையிலிருந்து நழுவிவிடும். இயந்திர நாகரிகம் ஒரு நோய் என்று எழுதிய மனிதர், நாள் முழுவதும் தம் உடலோடு சேர்த்துச் சுமந்த ஒரே இயந்திரம் அது. தொழில்நுட்பம், விடுதலை, இறைநம்பிக்கை, அன்றாட வாழ்க்கை ஆகிய நான்கையும் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்களை ஆராயப் புகுவோர்க்கு அந்தக் கடிகாரத்தைவிடப் பொருத்தமான வாயில் வேறில்லை.

அமெரிக்க அறிஞர் லூயி மம்ஃபோர்டு 1934இல் வெளியிட்ட நூலொன்றில், தொழில் யுகத்தைப் பிறப்பித்த முதன்மையான இயந்திரம் கடிகாரமே என்றும், நீராவி எஞ்சினுக்கு அந்தப் பெருமை உரியதன்று என்றும் வாதிட்டார். அதன் வேரை அவர் தேடிச் சென்ற இடம் வியப்பளிப்பது. தொழிற்சாலைக்குப் போகாமல் ஐரோப்பியத் துறவி மடங்களுக்குப் போனார். நாளுக்கு இத்தனை வேளை இறைவனைத் தொழ வேண்டும் என்ற ஒழுங்கும், அதற்காக ஒலித்த மணியுமே நேரத்தை அளந்து வாழும் பழக்கத்தை அங்கே வளர்த்தன என்பது அவர் முடிவு. தொழுகைக்காகத் தோன்றிய ஒழுங்கு பின்னர் ஆலைச் சங்காக மாறியது. காந்தியடிகளின் இடையிலிருந்த கடிகாரமோ மறுபடியும் தொழுகைக்கே திரும்பிவிட்டது எனலாம். விடியுமுன் நான்கு மணியளவில் ஒரு வழிபாடு, மாலையில் ஒரு வழிபாடு, இடையில் நூற்பும் நடையும் கடிதமும். இவை அனைத்தும் முள் காட்டிய வழியிலே நடந்தன.

அவருடைய கடிகாரம் ஒன்று, கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு 2009 மார்ச்சில் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. 18 இலட்சம் டாலருக்கு அவற்றை எடுத்தவர் இந்திய மதுபானத் தொழிலதிபர் ஒருவர். மதுவிலக்குக்காக மறியல் நடத்திய இயக்கத்தின் தலைவர் உடைமைகளைச் சாராயப் பணம் மீட்டது என்று அந்நாளில் பலர் நகைத்தனர். நகைப்புக்குரியதுதான். ஆயினும் அது வேறு கதை.

இயந்திரத்தைப் பற்றிய அவருடைய கருத்தின் தாய் நூல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’. 1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், கில்டோனன் காசில் என்னும் நீராவிக் கப்பலில், 13ஆம் நாள் தொடங்கி 22ஆம் நாள் முடியக் குஜராத்தியில் எழுதப்பட்டது. கப்பலின் கடிதத்தாளிலேயே எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். இரயில், வழக்கறிஞர், மருத்துவர், ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்நூல் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. இரயில் கொள்ளைநோயைப் பரப்பியது. தானியத்தை விலை அதிகமான இடத்துக்கு இழுத்துச் சென்று பஞ்சத்தைப் பெருக்கியது என்கிறது. ஆங்கிலேயன் போய் ஆங்கிலேயனின் இயந்திரம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டால் அது விடுதலையாகுமா என்பதே நூலின் அடிப்படைக் கேள்வி. 1910இல் பம்பாய் அரசாங்கம் அந்த நூலைத் தடை செய்தது. துப்பாக்கியைப் பற்றி எழுதாமல் ஆலையையும் இரயிலையும் பற்றி எழுதிய நூலை ஓர் அரசு அஞ்சியது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நீராவிக் கப்பலில் அமர்ந்து நீராவியைப் பழித்தவர் என்று அவரைக் கேலி செய்வது எளிது. அந்தக் கேலியை அவரே நூலுக்குள் வைத்திருக்கிறார். இந்தக் கருத்துக்களை அச்சு இயந்திரத்தில்தானே அடிக்கப் போகிறீர் என்று நூலில் வரும் வாசகன் மடக்குகிறான். நஞ்சை முறிக்கச் சில வேளை நஞ்சே மருந்தாகும் என்ற பொருளில் ஆசிரியர் விடை சொல்கிறார். இவ்விடை சற்று அவசரமான விடையே. வாசகன் அதோடு அடங்கிவிடுவது நாடகத்தின் வசதி. உண்மையான விடை அந்நூலுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, பீனிக்ஸ் பண்ணையில் ஓர் இரவில் கிடைத்திருந்தது.

‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் டர்பனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்த வார ஏடு. தென்னாப்பிரிக்கத் தமிழர் வாழ்வுக்கு அதில் இடமிருந்தது. தமிழ் எழுத்துக் கோக்கும் கைகளும் அங்கே இருந்தன. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற இரயிலில் இரஸ்கினின் நூலொன்றைப் படித்து, அச்சகத்தையே கிராமத்துக்குக் கொண்டுபோவதென்று காந்தியடிகள் முடிவு செய்தது 1904இல். (இரயிலைப் பழித்தவரின் வாழ்க்கைத் திருப்பங்கள் பலவும் இரயிலிலேயே நேர்ந்தன என்பதும் ஒரு விந்தை.) அச்சை ஓட்ட எண்ணெய் எஞ்சின் ஒன்று நிறுவப்பட்டது. எஞ்சின் என்றேனும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையால் கையால் சுற்றும் சக்கரம் ஒன்றையும் அமைத்தார்கள். எதிர்பார்த்தபடியே, பண்ணையில் முதல் இதழை அச்சிட வேண்டிய இரவில் எஞ்சின் கிளம்ப மறுத்தது. பொறியாளர் எவ்வளவோ முயன்றும் பயனில்லை. கூடத்தின் தரையில் வீடு கட்ட வந்த தச்சர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பி உதவி கேட்டார்கள். அவர்களும் மகிழ்ந்து வந்தார்கள். உடனிருந்த வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் வழிபாட்டுப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்க, முறை வைத்துச் சக்கரம் சுற்றினார்கள். காலை ஏழு மணி வரை அப்படியே நடந்தது. பிறகு மீண்டும் முயன்றபோது எஞ்சின் சொன்னபடி கேட்டது.

இந்நிகழ்ச்சியைத் தம் வரலாற்றில் குறிப்பிடும் காந்தியடிகள், எஞ்சின் நின்றது ஒரு சோதனை என்றும், உரிய வேளையில் அது ஓடியது உழைப்பின் பயன் என்றும் கொள்கிறார். பின்னர் ஒரு கட்டத்தில் எஞ்சினை அறவே நிறுத்திக் கைச்சக்கரத்தாலேயே அச்சிட்டதாகவும், பீனிக்ஸின் ஒழுக்கம் உச்சத்தில் இருந்த காலம் அதுவே என்றும் எழுதுகிறார். இங்கே இயந்திரத்தின் மீது பகை இல்லை. அது நின்றபோது கைகட்டி நிற்க வேண்டாத நிலையே அவர் வேண்டியது. கையால் சுற்றும் சக்கரம் பக்கத்தில் இருக்கும் வரை எஞ்சின் வேலையாள். அந்தச் சக்கரத்தைக் கழற்றி எறிந்த அன்றே எஞ்சின் எசமான்.

எழுத்தோடு உறவுடையோர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. ஈய எழுத்துக்களை அறையறையாகப் பிரித்து வைத்த மரப்பெட்டியின் முன் நின்று, தலைகீழாக எழுத்தைப் படித்துக் கோத்த அச்சுக்கோப்பாளர் எத்தனையோ கவிஞர்களின் முதல் வாசகராக இருந்தார். ஒற்றுப் பிழையைத் திருத்தி, ‘இந்த வரி தளை தட்டுகிறதே’ என்று தயக்கத்தோடு சொன்னவர்களும் அவர்களுள் உண்டு. 1990களில் கணிப்பொறி வந்தது. மலர்கள் விரைவாகவும் மலிவாகவும் அழகாகவும் வரத் தொடங்கின, சிற்றிதழ்கள் பிழைத்தன. அந்த மரப்பெட்டியும் அதன் முன் நின்ற மனிதரும் ஓசையின்றி மறைந்தார்கள். ஆதாயத்தையும் இழப்பையும் ஒரே மூச்சில் சொல்வதே நேர்மை. ஒன்றை மட்டும் சொல்வோர் விற்பனையாளராகவோ புலம்புவோராகவோ ஆகிவிடுகிறார்கள்.

1924இல் தில்லியில் காந்தியடிகளை இராமச்சந்திரன் என்னும் இளைஞர் சந்தித்து, இயந்திரங்கள் அனைத்துக்குமே நீங்கள் எதிரியா என்று நேரே கேட்டார். திருவிதாங்கூரைச் சேர்ந்த அந்தச் சாந்திநிகேதன் மாணவரே, பின்னாளில் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரத்தை மணந்து, 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர். விடை புகழ்பெற்றது. இவ்வுடலே ஒரு நுண்ணிய இயந்திரம், இராட்டையும் இயந்திரம், பல் குத்தும் குச்சியும் இயந்திரம். எதிர்ப்பதெல்லாம் இயந்திரப் பித்தையே என்றார் அடிகள். விலக்கு ஒன்று சொல்லுங்கள் என்றபோது சிங்கர் தையல் இயந்திரத்தைச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாமல் சிங்கர் அதை அன்பினால் படைத்தார் என்பது அவர் கேள்விப்பட்ட கதை. உண்மையில் சிங்கரின் இல்வாழ்க்கை அத்தனை கனிவானதன்று. மனைவியின் தையலைக் கண்டு இரங்கிய கதை அவருக்கு முன்பே தையல் இயந்திரம் கண்ட எலியாஸ் ஹோவைச் சார்த்திச் சொல்லப்படுவது. கதை பிழையானாலும் அளவுகோல் பிழையன்று. ஒரு கருவியைப் பார்த்து, இது யாருடைய களைப்பைக் கண்டு பிறந்தது என்று கேட்பது பொருளியல் நூல்களில் காணக் கிடைக்காத கேள்வி.

இராமச்சந்திரன் விடவில்லை. அந்தத் தையல் இயந்திரத்தைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்றார். வேண்டும், அத்தகைய ஆலை அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கட்டும் என்பது விடை. ஹிந்த் ஸ்வராஜ் எழுதிய கை இங்கே ஓரடி நகர்ந்திருக்கிறது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

இராட்டையின் கதையும் இவ்வாறே. அதைப் புகழ்ந்து எழுதியபோது அதைக் கண்ணால் பார்த்த நினைவுகூட இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்தில் விஜாப்பூரில், பரண்களில் கிடந்த இராட்டைகளைக் கண்டெடுத்த பிறகே அது நூற்கத் தொடங்கியது. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் சிறந்ததோர் இராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாயை மிஞ்சலாகாது. எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தர வேண்டும். குடிசையில் ஒரு பெண் அதிக வருத்தமின்றி இயக்க வேண்டும். இருபதாண்டு உழைக்க வேண்டும். இவ்வளவு கறாராக நிபந்தனை எழுதியவரை இயந்திர வெறுப்பாளர் என்பது எவ்வாறு? நல்ல பொறியாளனின் மொழி அது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட இராட்டையை உருவாக்கினார். அவர் பெயரின் பகுதியையே தாங்கி அது ‘அம்பர் சர்க்கா’ ஆயிற்று.

இராட்டையை எதிர்த்தவர்களுள் தலையாயவர் ஒரு கவிஞர். ஆகவே அந்த வழக்கு இவ்வவைக்கு நெருக்கமானது. 1921இலும் மீண்டும் 1925இலும் இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக எழுதினார். எல்லோரும் ஒரே செயலை ஒரே முறையில் நாள்தோறும் செய்வதால் மனம் மழுங்கும். சிந்தனையின் இடத்தில் கீழ்ப்படிதல் வந்து அமரும். அத்தகைய விடுதலை வெளியே வந்தாலும் உள்ளே வராது என்பது அவர் அச்சம். காந்தியடிகளின் மறுமொழியில் பறவையின் உவமை வருகிறது. கவிஞர் காட்டும் பறவைகள் விடியலில் பாடிக்கொண்டு எழுகின்றன; முந்தைய நாள் அவை இரை தின்றவை. இரையே காணாமல் சிறகசைக்கவும் வலுவற்றுக் கிடக்கும் பறவைகளுக்குப் பாட்டைக் கொண்டு ஆறுதல் கூற இயலுமா என்று கேட்டார். கவிஞரும் மற்றவர்களைப் போல நூற்கட்டும் என்றும் எழுதினார்.

இந்த வாதத்தில் வெற்றி யாருடையது? பசியைப் பொறுத்த வரையில் அடிகளின் பக்கமே நியாயம். ஆனால் தாகூரின் ஐயம் அதனால் அழிந்துவிடவில்லை. கோடிக் கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் ஒரே கண்ணாடித் திரையை ஒரே விரலசைவால் தள்ளிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், ஒரே செயலைச் செய்து மழுங்கும் மனம் என்ற எச்சரிக்கை இராட்டையைவிடக் கைப்பேசிக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. இராட்டை நூலையாவது தந்தது.

மற்றோர் எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர் பெரியார் ஈ. வெ. ரா. 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1940களில் அவர் வழங்கிய ‘இனி வரும் உலகம்’ என்னும் சிறு நூலில், ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தொலைபேசி இருக்கும், உருவத்தைக் கண்டபடி பேசலாம், ஓரிடத்திலிருந்தே பலர்க்குக் கல்வி தரலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியும் பிள்ளைப்பேறு உண்டாகலாம் என்றெல்லாம் எழுதினார். இவை வெறும் சோதிடமல்ல. பிறப்பின் பெயரால் ஒருவர் தலையில் கட்டப்பட்ட உடலுழைப்பையும், பேறுகாலத்தின் பெயரால் பெண் மீது சுமத்தப்பட்ட அடிமைத்தனத்தையும் இயந்திரம் அறுக்கும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. அண்ணல் அம்பேத்கரும் 1945இல் வெளிவந்த நூலில் காந்தியத்தை இதே இடத்தில் தாக்கினார்: இயந்திரம் தரும் ஓய்வு இல்லையேல் பெரும்பான்மை மக்களுக்குப் பண்பாடு என்பதே இல்லை, இயந்திரம் கெடுதல் செய்வதெனில் குற்றம் அதை வைத்திருக்கும் சமூக அமைப்பினுடையது.

இந்த இடத்தில் காந்தியடிகளின் கருத்து தடுமாறுகிறது என்பதை அவரிடம் அன்புடையோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். விரும்பி எடுத்த உழைப்பு தவம். விதிக்கப்பட்ட உழைப்பு தண்டனை. பீனிக்ஸில் சக்கரம் சுற்றியவர்கள் மறுநாள் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் எழுந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் கழிவைச் சுமந்தவர்க்கு அந்த விடியல் இல்லை. தம் ஆசிரமத்தில் கழிப்பறையைத் தாமே தூய்மை செய்தவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வேலையைச் செய்ய இயந்திரம் வேண்டும் என்று கேட்பவன் சோம்பேறியல்லன்.

மாறாக, கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மக்களிடம் போனபோது மக்கள் சொன்னதை அவர் கேட்டார் என்பதற்கு மதுரை சாட்சி. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்குச் சென்ற இரயிலில் உடன் வந்தோரிடம் கதர் உடுத்துமாறு வேண்டினார். கதர் விலை அதிகம், அதற்கு வசதியில்லாத ஏழைகள் நாங்கள் என்று அவர்கள் தலையசைத்தார்கள். அவர் மேலுக்குச் சட்டை, குல்லாய், முழு வேட்டி அணிந்திருந்தார். அவர்களோடு வாதிடவில்லை. மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கிய 22ஆம் நாள் காலை இடுப்புத் துண்டோடு வெளியே வந்தார். வாதத்தில் தோற்றவர் தம் உடையைக் குறைத்துக்கொண்டார். எதிராளியின் உடையைக் குறை கூறவில்லை.

மருத்துவத்தைப் பற்றிய கருத்துக்கும் சோதனை வந்தது. 1924 சனவரி 12ஆம் நாள் இரவு, எரவாடாச் சிறையிலிருந்து பூனா சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அறுத்தவர் கர்னல் மாடாக் என்னும் ஆங்கிலேயர். அழைத்து வரப்பட்ட நண்பர்களுள் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். மருத்துவர்கள் மீது நம்பிக்கை உண்டென்றும், எது நேரினும் அரசின் மீது கிளர்ச்சி வேண்டாமென்றும் உணர்த்தும் அறிக்கையில் காந்தியடிகள் கையெழுத்திட்டார். நடுக்கத்தோடு எழுதிய அக்காட்சியைச் சாஸ்திரியார் பதிவு செய்திருக்கிறார். அறுவையின் நடுவே இடிமழையில் மின்சாரம் நின்றது. அரிக்கேன் விளக்கின் ஒளியிலே வேலை முடிந்தது. மருத்துவரைப் பழித்தவர் மருத்துவரால் பிழைத்தார். மின்சாரத்தை நம்பிய மருத்துவர் எண்ணெய் விளக்கால் பிழைத்தார். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

எண்ணெய் விளக்கு என்றதும் தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. இலண்டனில் கணக்காய்வு பயின்று, அமெரிக்காவில் பொருளியல் கற்று வந்தவர். 1934இல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். மண்ணெண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, தாவர எண்ணெய் ஊரிலேயே கிடைக்கிறது என்று கணக்கிட்டு, அவருடைய வார்தா நிலையத்தில் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கை உருவாக்கினார்கள். ஆலையில் தீட்டிய அரிசி சத்தை இழக்கிறது, கைக்குத்தல் அரிசி காக்கிறது என்று வீடு வீடாகப் பேசினார்கள். ஆழ்ந்த கிறித்தவர் குமரப்பா. 1940களில் சிறையிலிருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் நெறியைப் பற்றியது, மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. ஒரே சிறைச்சுவருக்குள் பிறந்த அவ்விரண்டையும் தனித்தனியே படிப்போர் பாதியையே படித்தவராவர். இயற்கை ஈந்ததைத் திருப்பித் தராமல் எடுப்பது அவருக்குப் பொருளாதாரப் பிழை மட்டுமன்று, பாவமும்கூட. பெட்ரோலும் நிலக்கரியும் வற்றும் செல்வங்கள், அவற்றின் மீது கட்டும் நாகரிகம் போரில்தான் முடியும் என்ற அவருடைய கணக்கு அந்நாளில் பழமைவாதம் எனப்பட்டது. இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

ஒலிபெருக்கியும் வானொலியும் வந்தபோது காந்தியடிகள் குழந்தையைப் போல விழித்தார். 1931இல் இலண்டன் கிங்ஸ்லி இல்லத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒலிபரப்பு. இதற்குள்ளா பேச வேண்டும் என்று ஒலிவாங்கியைப் பார்த்து அவர் கேட்டது அதற்குள் கடலைக் கடந்துவிட்டது. அதே பயணத்தில் இசைத்தட்டுக் குழுமம் ஒன்று அவர் குரலைப் பதிய விரும்பியது. அரசியல் பேச மறுத்து, இறைவனைப் பற்றிய தம் பழைய கட்டுரை ஒன்றைப் படித்துக் கொடுத்தார். தகட்டில் சுழலும் அந்தக் குரல் ஏற்ற இறக்கமின்றி, மெல்ல, யாருக்கோ கடிதம் படித்துக் காட்டுவதுபோல ஒலிக்கிறது.

1947 நவம்பர் 12ஆம் நாள், தீபாவளியன்று, தில்லி வானொலி நிலையத்துக்குச் சென்றார். அகில இந்திய வானொலி நிலையத்தில் அவர் காலடி பட்டது அந்த ஒரு முறைதான். குருட்சேத்திர முகாமில் வீடிழந்து தங்கியிருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளிடம் போக முடியாத நிலையில், குரலையாவது அனுப்ப இசைந்தார். அந்தக் கருவியில் தெய்வ சக்தியைக் காண்பதாக அவர் சொன்னதாகக் குறிப்பு உண்டு. 1909இல் இயந்திரத்தைப் பாவம் என்று கண்டவரும், 1947இல் அதில் சக்தியைக் கண்டவரும் ஒருவரே. எதிரே வீடிழந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதொன்றே இடையிலிருந்த வேறுபாடு.

அதற்கு எழுபத்தொன்பது நாள் தள்ளி, சனவரி 30 மாலை. சர்தார் பட்டேலுடன் பேச்சு நீண்டுவிட்டது. ஐந்து மணிக்கு வழிபாடு. பேச்சை இடைமறிக்க ஆபாவுக்குத் துணிவில்லை. கடிகாரத்தை எடுத்து அவர் கண்ணில் படும்படி நீட்டிப் பார்த்தாள். ஒருவாறு எழுந்து, மனு ஒரு புறம், ஆபா மறுபுறம் தோள் கொடுக்க, புல்வெளியைக் குறுக்கே கடந்து விரைந்தார். பாபுஜி, உங்கள் கடிகாரம் தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்று வருந்துகிறதாம் என்று ஆபா வேடிக்கை செய்தாள். நேரம் சொல்ல நீங்கள் இருவர் இருக்கும்போது கடிகாரத்தை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று அவரும் சிரித்தார். பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது, வழிபாட்டுக்கு ஒரு நிமிடம் பிந்துவதும் தமக்குப் பிடிக்காது என்று சொல்லியபடியே, கூட்டம் காத்திருந்த மேடைக்குப் படியேறினார்.